பேகத்தின் தீனி

தோணிரேவு
8 ஜூலை 2024

குதிரைக்காரருக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறோம் என்று நீங்கள் கேட்க வேண்டாம். நீங்கள் சுகமா என்று நானும் கேட்கவில்லை. உங்கள் குதிரை பேகம் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பரை பிளாக் செய்து ஆறு மாதம் ஆகிறது. தை மாதம் எனக்கு இரண்டாவது தடவையும் கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுருண்டு படுத்திருந்தேன். அன்றைக்குப் போன் போட்டு, "குதிரையை இழுத்துக்கினு பீச்சுல ஓடிக்கினே இருந்தா வயித்துல எப்டி நிக்கும்?" என்று கேட்டீர்கள். ஊரில் கேட்காதவர் இல்லை. ஆனால் நீங்கள் கூடப் பிறந்தவர். அந்தக் குரல் இனிமேல் என் காதில் விழக்கூடாது என்று நைனா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மெரினாவில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த குதிரையை மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கொல்லையில் கட்டிவிட்டு, உடுமலைப் பக்கம் குதிரைப் பண்ணை வேலைக்குப் போனவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகளை அவள் முதுகில் ஏற்றி நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று வாரமாக யாரையும் ஏற்றவில்லை. நொண்டுகிறாள். ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால். கண்ணுக்குக் கீழே முகம் இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது. மெல்ல முடியாமல் வைக்கோலைச் சுருட்டித் துப்புகிறாள். விலா எலும்பை எண்ணலாம்.

என்ன செய்வது என்று எழுதவும். குதிரையைப் பற்றி மட்டும். என்னைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் அந்தக் கடிதம் ஏரிக்குத்தான் போகும். என் வீட்டுக்காரரிடம் போனில் துருவிக் கேட்கவும் கூடாது. அவரிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
பேகத்துக்குத் தீனி வைப்பவள்


உடுமலை
13 ஜூலை 2024

பூவிழிக்கு அண்ணன் தருமலிங்கம் எழுதுவது,

இங்கே நாற்பத்திரண்டு குதிரைகளும் நலம். பேகத்தின் நலத்தைக் கேட்டு எழுதுகிறேன். வேறு எதையும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை எங்கள் பண்ணை டாக்டர் அந்தோணிசாமியிடம் படித்துக் காட்டினேன். குதிரையைப் பற்றிய பகுதியை மட்டும். "மொதல்ல புல்லைப் பாரு, அப்புறமா டப்பாவைப் பாரு" என்றார். யார் போய்க் கேட்டாலும் அவர் சொல்வது இதுதான். குதிரைக்கு வேண்டியதில் பெரும்பாகம் புல்லில் இருக்கிறது. எந்தப் புல்லில் எது குறைகிறது என்று தெரிந்தால் அதை மட்டும் மேலே போட வேண்டும். தெரியாமல் சத்து மாவு, சத்து டானிக் என்று கண்டதையெல்லாம் கொட்டினால், ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்று. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பேகத்தின் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுது. என்ன புல், யார் கொடுத்தது, எத்தனை படி, பக்கெட்டில் கலக்கிற பொடி, யாராவது ஆசையாக ஊட்டுகிற பிஸ்கட் எல்லாம். வெட்கப்பட்டு எதையும் விடாதே. வீங்கின இடத்தை விரலால் தட்டிப் பார். சத்தம் கெட்டியாக இருக்கிறதா, பொத்தென்று இருக்கிறதா என்று சொல்.

நான் லீவு போட்டு வரட்டுமா? வந்தால் கொல்லைப் பக்கமாக வந்து குதிரையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

அண்ணன்
தருமலிங்கம்


தோணிரேவு
29 ஜூலை 2024

குதிரைக்காரருக்கு,

பேகம் அப்படியே இருக்கிறாள். நீங்கள் வர வேண்டாம்.

கேட்டதற்குப் பதில். காலையில் வைக்கோல் ஒரு கட்டு. உள்ளூர் வைக்கோல்தான், பொன்னேரிப் பக்கத்து வயலிலிருந்து வருவது. மத்தியானம் பால்காரர் பச்சைமுத்து வீட்டிலிருந்து கோ-4 என்கிற மாட்டுத் தீவனப் புல். அவர் மாடுகள் அதைத் தின்றுதான் குடம் குடமாகக் கறக்கின்றன, நம் குதிரை மட்டும் என்ன பாவம் செய்தது என்று தினமும் ஒரு சுமை தருகிறார். சாயந்திரம் அரிசித் தவிடு நான்கு படி, வெல்லம் போட்டு. முன்பு இரண்டு படிதான் வைத்தேன். இளைத்துப் போனதால் கூட்டினேன்.

அப்புறம் இறால் மினரல். இவர் சுண்ணாம்புக்குளத்தில் இறால் பண்ணையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே குளத்தில் போடுகிற மூட்டையிலிருந்து ஒரு டப்பா கொண்டு வந்தார். "தோல் உரிச்ச இறாலுக்கு இதப் போட்டா மூணே நாள்ல ஓடு கல்லு மாதிரி ஆவுது. குளம்புக்கு ஆவாதா இன்னா?" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தினம் இரண்டு கைப்பிடி போடுகிறோம்.

சிவப்பு மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை இரண்டு. இவை ஊரில் கிடைத்தவை. வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தால் நாக்கைச் சப்புக் கொட்டித் தின்கிறாள். ரத்தம் ஊறுமாம்.

ஞாயிற்றுக்கிழமை எவனாவது ஒருவன் பிஸ்கட் கொடுக்கிறான். அவ்வளவுதான்.

தட்டிப் பார்த்தேன். பொத்தென்றுதான் இருக்கிறது. மரம் மாதிரி இல்லை, பன்ரொட்டி மாதிரி இருக்கிறது. எனக்கு அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. வாயைத் திறந்து சொல்லாத ஜீவன். நான் வைப்பதைத்தான் தின்கிறது. நான் வைத்ததில் ஏதோ தப்பு என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சீக்கிரம் எழுதவும்.

பேகத்துக்குத் தீனி வைப்பவள்


உடுமலை
2 ஆகஸ்ட் 2024

பூவிழிக்கு,

கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே எழுதுகிறேன். இங்கே எல்லாம் சுகம். பேகம் பிழைப்பாள், பயப்படாதே.

தவிட்டை நிறுத்து. நாளையிலிருந்து இல்லை, இதைப் படிக்கிற வேளையிலிருந்து. தவிட்டில் பாஸ்பரஸ் மிதமிஞ்சி இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து கொஞ்சம்கூட இல்லை. உள்ளே போன பாஸ்பரஸைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைப் பிடுங்கும். முதலில் முகத்து எலும்பு கரைந்து வீங்கும், அப்புறம் கால் வலிக்கும். டாக்டர் உன் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே சொல்லிவிட்டார். கோ-4 புல்லும் கூடச் சேர்ந்துகொண்டது. மாட்டுக்கு அது அமிர்தம். குதிரைக்கு அந்தப் புல்லில் இருக்கிற ஒரு உப்பு, கொஞ்சநஞ்சம் இருக்கிற சுண்ணாம்பையும் கட்டிப் போட்டுவிடும். பச்சைமுத்து அண்ணனிடம் பக்குவமாகச் சொல். மனுஷன் கோபித்துக்கொள்ளப் போகிறார்.

இறால் மினரல் வேண்டவே வேண்டாம். வினோத் மச்சான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் குதிரை என்ன குளத்திலா நீந்துகிறது? அந்த மூட்டையில் செலினியம் என்று ஒன்று போட்டிருக்கிறார்களா பார்க்கச் சொல். கடுகளவு போதுகிற சத்து அது. கூடினால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டி, குளம்பே பிளந்துவிடும்.

இனிமேல் வைக்க வேண்டியது: ஏரிக்கரை மேட்டில் வளர்கிற அருகம்புல், முடிந்த அளவு பச்சையாக. காய்ந்த வைக்கோலில் வைட்டமின் எல்லாம் செத்துப்போயிருக்கும். பச்சையில்தான் வைட்டமின் ஏ, ஈ இரண்டும் இருக்கின்றன. கூடவே குதிரைமசால் என்கிற தீவனப் பயிர். இரண்டு மூட்டை காய்ந்தது பார்சல் லாரியில் அனுப்புகிறேன், மீஞ்சூரில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய. அது தவிர கோழிக்குப் போடுகிற கிளிஞ்சல் மாவு தினம் மூன்று ஸ்பூன். மாவுதான். சூளையில் வெந்த சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதே, வாயும் வயிறும் வெந்துபோகும். கல் உப்பு ஒரு கை. மூட்டையோடு ஒரு டப்பா வரும், செம்பும் துத்தநாகமும் உள்ளது. அதோடு வேறு எதையும் சேர்க்காதே. வேறு ஒன்றும் வேண்டாம். நிஜமாகவே வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்தச் சிவப்பு, வெள்ளை மாத்திரை மட்டும் எனக்குப் புரியவில்லை. ஊரில் கிடைத்தது என்றால் யார் கொடுத்தது? ரத்தம் ஊறுவதற்கென்றால் அது இரும்பு. புல் தின்கிற குதிரைக்கு இரும்பு எந்நாளும் குறைவதில்லை, புல்லிலும் மண்ணிலும் அது கொட்டிக் கிடக்கிறது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காலி அட்டையைக் கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அண்ணன்
தருமலிங்கம்


தோணிரேவு
6 செப்டம்பர் 2024

குதிரைக்காரருக்கு,

மூட்டைகள் வந்தன. குதிரைமசாலைப் பார்த்ததும் பேகம் கயிற்றை அறுக்காத குறை. தவிட்டை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் பக்கெட்டை உதைத்து உதைத்து உடைத்தே விட்டாள். இப்போது நொண்டல் குறைந்திருக்கிறது, மென்று தின்கிறாள். பச்சைமுத்து எங்களோடு பேசுவதில்லை. "என் புல்லுல விஷம் கீதுன்னு ஒங்க அண்ணன் லெட்டர் போட்டானாமே" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இறால் மூட்டையில் செலினியம் இருந்தது. இவர் அப்புறம் பேகத்தின் வாலைத் தூக்கித் தூக்கி மயிர் கொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அருகம்புல் அறுக்க நான் போவதில்லை. இவர்தான் போகிறார். பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

அட்டை கேட்டீர்கள். கொஞ்சம் கத்தரித்து அனுப்பலாம் என்று பார்த்தேன், கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. முழுசாகவே வைத்திருக்கிறேன்.

பேகத்துக்குத் தீனி வைப்பவள்


உடுமலை
14 செப்டம்பர் 2024

பூவிழிக்கு,

பேகம் மென்று தின்கிறாள் என்று படித்து இரண்டு தடவை லாயத்தைச் சுற்றி நடந்தேன். முகத்து வீக்கம் முழுசாக வற்றாது, கொஞ்சம் நின்றுவிடும். அழகுதானே போனது, போகட்டும்.

அட்டை கிடைத்தது. அரசாங்க முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. அந்த மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மாதிரி பெண்களுக்குக் கொடுப்பார்கள் என்று டாக்டர் அந்தோணிசாமி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எங்கள் பண்ணையில் சாணி அள்ளுகிற அம்மாவுக்கே தெரிந்திருந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ போட்ட கட்டளை எனக்கு நினைவிருக்கிறது. நான் குதிரையைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறாள். இரண்டு தடவை சினை கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது தடவையாகச் சினை. அவள் யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. தீனித் தொட்டியில் மாத்திரையும் மினரலும் போட்டால் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் குதிரையின் தொட்டியில் தள்ளிவிடுகிறாள். காலையில் தொட்டி காலியாக இருக்கிறது, எல்லோரும் அவள் தின்றுவிட்டாள் என்று நினைக்கிறார்கள். பக்கத்துக் குதிரைக்கு அதனால் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. அத்தனை பெரிய உடம்புக்கு அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் போக வேண்டிய வாய்க்கு அது போகவில்லை.

அவளுக்கு முகம் வெளிறிப் போயிருக்குமோ, நடந்தால் மூச்சு வாங்குமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

முதல் இரண்டும் ஏன் கலைந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். ஓடினதாலோ நடந்ததாலோ அப்படி ஆவதில்லை என்றார். "ஆரம்பத்துல கலையறது பாதிக்கு மேல கருவிலேயே இருக்கற கோளாறுதான். பொட்டை மேல ஒரு தப்பும் கெடையாது" என்றார். எனக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டையைப் பார்த்து, நீ ஓடினதால்தான் இப்படி ஆச்சு என்று சொன்ன லாயத்து ஆள் ஒருத்தன் இருந்தான். அவனைப் போல மடையன் இந்த ஜில்லாவில் இல்லை. சொன்ன அன்றைக்கே நாக்கு அழுகியிருக்க வேண்டும். அவன் இன்றைக்கு வரைக்கும் அந்தப் பெட்டையின் முன்னால் போய் நிற்கத் தைரியமில்லாமல் தொழுவத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

பேகத்துக்கு இனிமேல் அந்த மாத்திரைகள் வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம்.

அண்ணன்
தருமலிங்கம்


உடுமலை
10 அக்டோபர் 2024

பூவிழிக்கு,

கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகப் போகிறது. பதில் இல்லை. பேகம் எப்படி இருக்கிறாள்? ஒரே ஒரு வரி எழுது. அவள் நிற்கிறாளா, தின்கிறாளா என்று மட்டும்.

அந்தக் கடிதம் ஏரிக்குப் போய்விட்டதா?

தருமலிங்கம்


தோணிரேவு
21 அக்டோபர் 2024

மச்சானுக்கு வினோத் வணக்கம்.

நாங்கள் இங்கே இருக்கிறோம். குதிரை நன்றாக இருக்கிறது. பூவிழி எழுதச் சொல்லவில்லை. உங்கள் கடிதம் மாடத்தில் இருந்தது, நானே எடுத்து எழுதுகிறேன். போனில் பேச மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன், அதனால்தான் இது.

போன மாதம் வந்த கடிதத்தை அவள் ஏரியில் போடவில்லை. அதைப் படித்துவிட்டு, பேகத்தைக் கட்டியிருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று கேட்டேன். குதிரை இளைத்ததற்கு அழுகிறேன் என்றாள். குதிரை இப்போது பீப்பாய் மாதிரி இருக்கிறது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நீங்கள் ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அது அவளுக்குப் புரிந்திருக்கிறது, எனக்குப் புரியவில்லை. மாத்திரை அட்டை எல்லாம் ஒழுங்காகக் காலியாகத்தான் இருக்கிறது. நர்ஸம்மா எண்ணிப் பார்த்துச் சரி என்றார். ஆனால் படி ஏறினால் நின்றுவிடுகிறாள். எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை மச்சான்.

வினோத்


தோணிரேவு
4 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

உன் பண்ணையில் அப்படி ஒரு பெட்டை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எட்டாவது மாசம் நடக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. இவருக்கும் நர்ஸம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறேன். முதல் தடவை ஊரெல்லாம் சொல்லி, இனிப்புக் கொடுத்து, மூன்றாம் மாசம் போனது. இரண்டாவது தடவை உனக்குத்தான் முதலில் சொன்னேன். இந்தத் தடவை வாயைத் திறந்தால் போய்விடும் என்று பயம். உனக்கு என்ன தெரியும் அந்தப் பயம்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டாயே. முன் இரண்டு தடவையும் ஒன்று விடாமல் முழுங்கினேன் அண்ணா. குமட்டிக்கொண்டு வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்குவேன். அதை முழுங்கியும்தானே போனது? அந்தச் சிவப்பைப் பார்த்தாலே அந்த நாள் ஞாபகம் வருகிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. காலி அட்டையை நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும். பேகம் இளைத்துக் கிடந்தாள். அவளுக்காவது ஆகட்டும் என்று கொடுத்தேன். அவள் தேறி வர வர, பார்த்தாயா, மாத்திரை அவளுக்கு வேலை செய்கிறது, எனக்குத்தான் ராசியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ தவிடுதான் காரணம் என்று எழுதியும் நம்பவில்லை.

லாயத்து ஆள் எழுதினதைப் படித்தேன். எத்தனை தடவை என்று கேட்காதே.

அந்தப் பெட்டை மாத்திரையை எப்படி முழுங்குவது?

பூவிழி


உடுமலை
8 நவம்பர் 2024

பூவிழிக்கு,

பெட்டை பொய். லாயத்து ஆள் நிஜம்.

நாளைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போ. காலி அட்டையைக் காட்டாதே. நான் தின்னவில்லை, குதிரை தின்றது என்று வாய் திறந்து சொல். சிரிப்பார்கள், திட்டுவார்கள், போகட்டும். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல். மாத்திரை பிள்ளையை வயிற்றில் நிறுத்தவும் செய்யாது, கலைக்கவும் செய்யாது. பிள்ளை உன் ரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், பேகத்தின் எலும்பிலிருந்து எடுத்த மாதிரி. நீ உள்ளே போடாவிட்டால் உன்னிடமிருந்துதான் எடுக்கும். டாக்டர் அந்தோணிசாமியிடம் கேட்டேன். தன் பெண்சாதிக்குச் சொன்னதையே சொன்னார்: சிவப்பை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், எலுமிச்சம்பழத் தண்ணீரோடு. டீயோடு வேண்டாம். வெள்ளையை அதோடு சேர்த்து முழுங்காதே, காலையிலும் மத்தியானமும் முழுங்கு. இரண்டும் ஒன்றாகப் போனால் வெள்ளை சிவப்பைத் தடுத்துவிடும். நர்ஸம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வெல்லத்துக்குள் வைத்து முழுங்கு. பேகம் முழுங்கவில்லையா?

அண்ணன்


தோணிரேவு
2 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகம் என்று எழுத வரவில்லை, சுகமில்லை என்றும் எழுத மாட்டேன்.

ரத்தம் ஏழு புள்ளி இரண்டு. "குதிரை தின்னுச்சு"ன்னு சொன்னேன். நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இருவது வருசமா கோழி தின்னுச்சு, குப்பை தின்னுச்சுன்னுதான் கேட்டிருக்கேன். குதிரை இதான் மொத தபா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இரும்பைப் பாட்டிலில் கலந்து கையில் ஏற்றினார்கள். ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழையில் பொன்னேரி வரைக்கும் ரோடே தெரியவில்லை. இவர் என்னைத் தூக்காத குறையாகக் கூட்டிப் போனார். இப்போது எட்டு புள்ளி ஒன்பது. மாத்திரையும் முழுங்குகிறேன். வெல்லத்தில்தான். பேகம் பக்கத்தில் நின்று உற்றுப் பார்க்கிறாள்.

பிள்ளை உதைக்கிறது. உதைக்காத நேரத்தில் நான் பைத்தியக்காரி மாதிரி வயிற்றைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நீ வா. ஆனால் ஒன்று. வந்தால் எதுவும் பேசக் கூடாது. ஆறுதல் வேண்டாம், தைரியம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் எனக்கு அந்தத் தை மாசம்தான் ஞாபகம் வரும். வாசலில் சும்மா நில். நிற்க முடியுமென்றால் வா.

பூவிழி


உடுமலை
6 டிசம்பர் 2024

பூவிழிக்கு,

நிற்பேன்.

அண்ணன்


தோணிரேவு, நம் வீடு
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு இல்லை. இவரிடம் கொடுத்துக் கொல்லைப் பக்கம் அனுப்புகிறேன். தீட்டு கழிகிற வரைக்கும் நான் இந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அறைக்குச் சுவர் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் நீ. உன் செருப்புச் சத்தம் கேட்கிறது, பேகத்துக்கு நீ புல் உதறுகிற சத்தம் கேட்கிறது, உன் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

நானும் பிள்ளையும் நலம். உனக்குத் தெரியும், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. பெண் பிள்ளை. இரண்டு கிலோ எழுநூறு. அழுகிறாள், குடிக்கிறாள், மறுபடி அழுகிறாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை இவர் நேற்றைக்குத்தான் சொன்னார். பத்து மணி நேரம் நீ கதவுக்கு எதிரில் நின்றாயாம், பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காரவில்லையாம். இவர் டீ வாங்கப் போன நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "பூவிழி ஆளுங்க யாருப்பா?" என்று கேட்டதற்கு நீ கையை மட்டும் தூக்கினாயாம். "இன்னா ஒறவு?" என்று கேட்டதற்கு நெஞ்சைத் தட்டிக் காட்டினாயாம். அந்தம்மா உன்னைப் பிறவி ஊமை என்று நினைத்து, பெண் பிறந்திருக்கிறது என்பதைக் கையால் ஜாடை காட்டிச் சொன்னார்களாம். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாயாம். அப்போதும் வாயைத் திறக்கவில்லையாம். கேட்டுவிட்டுத் தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

இங்கே வந்து ஐந்து நாள் ஆயிற்று. குதிரையிடம்கூட நீ பேசவில்லை என்கிறார் இவர். பச்சைமுத்து வந்து, தன் புல்லைக் குறை சொன்னதற்கு வாய்க்கு வந்தபடி கேட்டாராம், அதற்கும் நின்றுகொண்டிருந்தாயாம்.

அண்ணா, சுவருக்குப் பக்கத்தில் வா. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. என்ன பேர் வைக்கலாம் என்று சொல். சத்தமாகச் சொல். இவள் அழுகிற அழுகையில் எனக்குக் கேட்க வேண்டும்.

பூவிழி